பாதியில் நின்ற வளையம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம். போளூரில் எங்கள் பட்டறையில் ஆரம்பித்து, ஜவ்வாது மலையில் ஒரு ஓடைத் தண்ணீரில் போய் விழுந்த கதை இது. விழுந்தது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விழுந்தேன்.

நானும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பட்டறை நடத்துகிறோம். லேத் அவருடையது, மில்லிங் மெஷின் என்னுடையது. ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்தவள் நான். புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, மெஷின் ஓட்டுகிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். கையிலிருக்கும் கிரீஸைக் காட்டியதும் பேசாமல் சாமானை நீட்டுவார்கள். பம்பு செட் உதிரி, டிராக்டர் சாமான், ரைஸ் மில்லுக்கு வேண்டியது என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

அன்று மதியம் வந்த பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன இடது காலில் காலிபர் போட்டிருந்தார். தொடைப் பக்கத்துப் பட்டை விரிசல் விட்டு, அதில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக் கிராமம், அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்க வேண்டும். புதுக் காலிபருக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார், வருவதற்கு இரண்டு மாதம் ஆகுமாம். போளூரில் ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் ஆஸ்பத்திரி சாமானைத் தொடமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு மாசம் வூட்லயே உக்காந்திருந்தா, புள்ளைங்களுக்கு யாருங்க மேடம் பொங்கிப் போடறது?" என்று கேட்டார்.

காலிபரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலின் இரண்டு பக்கமும் அலுமினியப் பட்டைகள், தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் வார், கீழே கனமான ஷூ. முட்டி வரும் இடத்தில் ஒரு கீல். உட்காரும்போது கீல் மடங்க வேண்டும், நிற்கும்போது மடங்கவே கூடாது. அதற்காக வெளிப்பக்கத்துப் பட்டையில் ஒரு எவர்சில்வர் வளையம் கோர்த்திருக்கும். எழுந்து நின்றதும் வளையம் தன் பாரத்திலேயே சறுக்கி இறங்கிக் கீலை மூடிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் கையால் தூக்கிவிட வேண்டும். முட்டி பூட்டுவதும் திறப்பதும் அந்த வளையத்தை நம்பித்தான்.

விரிசல் விட்டது அந்த வளையம் ஓடுகிற பட்டைதான். செய்து தருகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். காலிபரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையிலிருந்து வேர்க்கடலையை உரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

எங்களிடம் இருந்த அலுமினியப் பட்டை தேவைக்கு மேல் அகலம். இரண்டு ஓரத்தையும் மில்லிங்கில் சீவி, வளையம் ஓடும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் திசை என்று ஒரு விஷயம் வருகிறது. கட்டர் ஒரே இடத்தில் சுற்றும், துண்டை நாம்தான் அதன் பக்கம் தள்ள வேண்டும். கட்டர் சுற்றுகிற திசைக்கு எதிராகத் தள்ளலாம், அல்லது அது போகிற பக்கமே கூடவே ஓட்டலாம். அலுமினியத்துக்குக் கூடவே ஓட்டுவதுதான் அழகு. கட்டரின் பல் எடுத்த எடுப்பிலேயே கடித்துச் சில்லைப் பின்னால் எறிந்துவிட்டுப் போகும். ஓரம் கண்ணாடி மாதிரி வரும். எதிர்த்து ஓட்டினால் பல் கடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தேய்க்கும். அந்தச் சூட்டில் அலுமினியம் இளகி ஓரத்திலேயே அப்பிக்கொள்ளும். ஈரச் சுவரில் கையை வைத்து இழுத்த மாதிரி ஒரு தடம் நிற்கும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் மெஷின் பழசு. டேபிளை நகர்த்தும் ஸ்குரு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. அப்படிப்பட்ட மெஷினில் கூடவே ஓட்டினால் கட்டர் துண்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கு முந்தின வருடம் எனக்கு அப்படி நடந்தது. கட்டர் உடைந்து, அதில் ஒரு துண்டு என் காதோரமாகப் போய் மர அலமாரியில் குத்தி நின்றது. காற்று உரசியது மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என்ன வேலை வந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டுவேன். கொஞ்சம் சொரசொரப்பாக வந்தால் என்ன, எமரி ஷீட் என்கிற உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம் என்று மனதைப் பழக்கி வைத்திருந்தேன்.

அன்றும் அப்படியே செய்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டியும் ஓரத்தில் இழுவை விழுந்தது. எமரியால் தேய்த்தேன், பளபளப்பு வந்தது. வீட்டுக்காரர் கீலுக்கு அச்சாணி கடைந்து கொடுத்தார். வளையத்தைக் கோர்த்து மேலிருந்து விட்டதும் சர்ரென்று இறங்கியது. அந்தப் பெண் காலிபரை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள்ளேயே நாலு நடை நடந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். வளையம் சில சமயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது, கொஞ்சம் எண்ணெய் விடலாமா என்று கேட்டார். குறை சொல்கிற குரலே இல்லை. ஏதோ சமையலுக்குப் பக்குவம் கேட்பது போலக் கேட்டார். நானும் வேலை மும்முரத்தில், விடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. எண்ணெய் விட்டால் மண் ஒட்டும். மண் ஒட்டினால் வளையம் இன்னும் பிடிக்கும். அது மட்டுமில்லை, நான் எமரி போட்டது அப்பியிருந்த அலுமினியத்தின் மேல்தான். வளையம் ஓடி ஓடி அது இப்போது பிசிர் பிசிராக எழும்பியிருக்கும். பாதியில் நின்ற வளையத்தோடு அவர் எடை முழுவதையும் வைத்து ஒரு அடி எடுத்தால் என்ன ஆகும்? திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை கூப்பிட்டேனோ, கிடைக்கவே இல்லை.

மறுநாள் மாதாந்திர பராமரிப்பு என்று எங்கள் பகுதியில் கரண்ட் கிடையாது. ஒரு அரத்தையும் எமரி ஷீட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போளூரிலேயே வாழ்கிறேன் என்றுதான் பேர், மலைக்கு நான் போனது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை. பஸ் வளைவுகளில் ஏற ஏற, கீழே வயல், ஏரி, ஊர் எல்லாம் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்தன. ஒரு திருப்பத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை, வெளியே வெறும் வெள்ளை. மரங்கள் திடீரென்று கிட்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து புடவையில் உட்கார்ந்தது. எதற்காகப் போகிறேன் என்பதே நடுவில் சில நிமிடங்கள் மறந்துபோனது. நான் பட்டறையில் மெஷின் முன்னால் நின்றுகொண்டே தூங்கிவிட்டேனோ, இதெல்லாம் அந்தத் தூக்கத்தில் வருகிறதோ என்று தோன்றியது.

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஜீப் பிடித்தேன். சத்துணவு அக்கா என்றதுமே டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. கிராமத்துக்குள் ஜீப் போகாது, ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றால் போதும், எட்டரைக்கெல்லாம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவார் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கியதும் அப்படி ஒரு அமைதி. இரண்டு பக்கமும் சாமை வயல், இளம் பச்சை, ஒவ்வொரு தாளிலும் வரிசையாக நீர்த்துளி. வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ஓடை அதிக ஆழமில்லை. தாண்டுவதற்கு ஏழெட்டுக் கற்கள் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

முதலில் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. பிறகு ஷூ சத்தம், ஒன்று கனமாக, ஒன்று லேசாக. பனிக்குள்ளிருந்து அவர் மெதுவாக உருவாகி வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அந்தக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எழுந்தார். கையால் வளையத்தை அழுத்தினார். அது இறங்கவில்லை. தோளில் இருந்த பையைத் திறந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். குனிந்து, அந்தக் கல்லால் வளையத்தின் தலையில் தட்டினார், வீட்டில் ஆணி அடிப்பது போல. மூன்று தட்டு தட்டிவிட்டு, நிமிர்ந்து, கல்லைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேலைக்குக் கிளம்பும்போது சாவியோடு அந்தக் கல்லையும் எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரைக் கூப்பிடத் தண்ணீர் ஓரத்துக்குப் போனேன்.

அதற்குள் அவர் கற்களின் மேல் ஏறிவிட்டார். மூன்றாவது கல்லில் கால் வைத்தபோது வளையம் லேசாக மேலே நழுவியதை இந்தக் கரையிலிருந்தே பார்த்தேன். செய்தவள் கண்ணுக்கு அது தப்பவில்லை. நான் தண்ணீரில் இறங்கி ஓடினேன். அவர் ஐந்தாவது கல்லுக்கு வருவதற்குள் கீல் மடங்கியது. முட்டி அப்படியே முன்னால் விழ, அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துவிட்டேன். ஆனால் பிடித்தபடியே நானும் வழுக்கி, இருவரும் தண்ணீருக்குள் உட்கார்ந்தோம். அவர் தலைக்கும் ஒரு கூர்மையான கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. எனக்கு அது இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரென்றே தெரியவில்லை போல.

"போளூர் மேடமா? இங்க இன்னா பண்றீங்க?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அவருக்கோ சாவிக்கொத்தைக் காணோம் என்பதுதான் கவலை. இருவரும் ஜில்லென்ற தண்ணீரில் கையை விட்டுத் துழாவினோம். கூழாங்கற்களுக்கு நடுவில் என் விரலில்தான் தட்டுப்பட்டது. எடுத்துக் கொடுத்ததும், அன்றைக்கு முட்டை போடுகிற நாள், முட்டை இருக்கிற அறைச் சாவி போயிருந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். கையை ஊன்றி எழும்போது முழங்கையில் பழைய காயம் ஒன்று பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தேன். அவர் விழுவது இது முதல் தடவை இல்லை.

என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்தார். சமையல்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமைக்கிற அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொடுத்தார். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஈரப் புடவையிலிருந்து ஆவி எழும்பியது. பக்கத்து அறையில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது.

காலிபரைக் கழற்றித் தரச் சொன்னேன். பட்டையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஓட்டினேன். நினைத்தபடியேதான் இருந்தது. பிசிர் எழும்பி, அதில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து, தொட்டால் மணல் தாள் போல. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுவதற்கு இரண்டு திசை இருக்கிறது, உங்கள் காலுக்கு எது சரியோ அது எனக்குத் தெரியும், இருந்தும் எனக்கு எது பயமில்லையோ அந்தத் திசையில் ஓட்டிவிட்டேன், எமரி போட்டு மறைத்துக் கொடுத்துவிட்டேன் என்று. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்தே சொன்னேன்.

அவர் வெந்த முட்டைகளை ஒவ்வொன்றாகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

கல்லால் தட்டித்தான் நடக்கிறீர்கள் என்று போனில் ஏன் சொல்லவில்லை, விழுந்ததைக்கூடச் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"ஒண்ணு சரியில்லைன்னு சொன்னா, அடுத்த வாட்டி செய்ய மாட்டேன்னுடுவாங்க தங்கச்சி. சின்ன வயசுலருந்து பாத்துகினு வர்றேன். செஞ்சு குடுத்ததே பெருசுன்னு வாங்கிகினு வந்துடணும்" என்றார்.

அவர் என்னை மேடம் என்பதை விட்டுத் தங்கச்சி என்று கூப்பிட்டது அப்போதுதான். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கல்லை எடுத்தாரோ, ஒவ்வொரு முறையும் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

பிறகு அவரே, "இத்தினி வருசத்துல செஞ்ச சாமான் எப்டி இருக்குதுன்னு பாக்க மலை ஏறி யாரும் வந்ததில்ல. இதுதான் புச்சா இருக்குது" என்றார்.

கொண்டுபோன அரத்தால் பிசிரைச் சீவி, எண்ணெயை வழித்தெடுத்து, பள்ளிக்கூடத்திலிருந்த மெழுகுவர்த்தியை ஓரத்தில் தேய்த்தேன். வளையம் இறங்கியது. சனிக்கிழமை வரைக்கும் இது தாங்கும், சனிக்கிழமை கட்டாயம் போளூர் வர வேண்டும், அதுவரை துணையில்லாமல் ஓடையைத் தாண்டக் கூடாது என்று சொன்னேன். சரி என்றார். பிள்ளைகளோடு உட்கார வைத்து, சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை சொன்னபடி வந்தார். அவர் வருவதற்கு முன்னாலேயே புதுப் பட்டையை மெஷினில் பூட்டித் தயாராக வைத்திருந்தேன். இந்த முறை கட்டரோடு கூடவே ஓட்டுவது என்று முடிவு. தானே ஓட்டித் தருவதாக வீட்டுக்காரர் சொன்னார். கெடுத்தது நான், சரி செய்வதும் நானே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. டேபிள் லேசில் நகராதபடி பக்கத்து ஆப்புகளை எனக்கு இறுக்கிக் கொடுத்தார். புது கட்டர் போட்டேன். பெரும்பகுதியை வழக்கம் போல எதிர்த்து ஓட்டி எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு தலைமுடி கனம் மட்டும் மிச்சம் வைத்தேன். அதைத்தான் கூடவே ஓட்ட வேண்டும். அவ்வளவு மெல்லிசாக எடுத்தால் கட்டருக்கு இழுக்கப் பிடிப்பு இருக்காது. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். செய்ய முடியாத வேலையே இல்லை இது. யோசிக்கத்தான் நான் மறுத்திருந்தேன்.

அக்காவை லேத்துக்குப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். சுவிட்சைப் போட்டேன். காதோரத்தில் அந்தப் பழைய காற்று உரசியது போல ஒரு கூச்சம். பழக்கத்தில் கை எதிர்ப் பக்கமே திரும்பப் பார்த்தது. ஒரு மூச்சு விட்டு, மாற்றிச் சுற்றினேன்.

கட்டர் பட்டையைத் தொட்டது. வழக்கமாகக் கேட்கிற கீச்சென்ற சத்தம் வரவில்லை. பட்டுத் துணியைக் கிழிப்பது போல, அவ்வளவு மெல்லிய சத்தம். சில்லுகள் வெள்ளையாகப் பறந்து, ஜன்னல் வெயிலில் கொஞ்சம் மிதந்து, கீழே இறங்கின. மண்ணெண்ணெய்ப் புகை மெலிதாக எழும்பி எனக்கும் கட்டருக்கும் நடுவில் நின்றது. வளையம் ஓடுகிற அந்த நாலு அங்குலம் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. பயம் எந்த இடத்தில் போனது என்றும் தெரியாது. முனை வரைக்கும் போய் நிறுத்தியபோது ஓரத்தில் என் விரல் நிழல் தெரிந்தது. இன்னொரு ஓரத்தையும் அப்படியே முடித்தேன்.

வீட்டுக்காரர் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கோர்த்து மாட்டியதும் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பழக்கத்தில் கை வளையத்தைத் தேடிப் போனது. கை போவதற்குள் வளையம் இறங்கிப் பூட்டிக்கொண்டது. அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அட, அதுவே எறங்கிடுச்சு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

பிறகு வாசலுக்குப் போனார். தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தார். மறுபடியும் உட்கார்ந்தார், எழுந்தார். வளையம் மறுபடியும் தானே இறங்கியது. அதற்கும் பிறகு இன்னொரு முறை. வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை, நாங்களும் மெஷினை ஓட்டவில்லை. மூன்று பேரும் அந்த வளையம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதம் என்று சொன்ன புதுக் காலிபர் வந்து சேர்ந்தபோது, பழசே போதும் என்று இன்னும் கொஞ்ச நாள் அதையே போட்டு நடந்தாராம். இப்போதும் மேட்டில் ஏறி நின்று சிக்னல் கிடைக்கும்போது கூப்பிடுவார். சாமை அறுவடை எப்படி, யார் பிள்ளை எந்த வகுப்பு, இப்படித்தான் பேச்சு. அந்தக் காலை நேரத்தைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

நான் மட்டும் மாறிவிட்டேன். அவசரமாக யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தால், அளவைக் கேட்பதற்கு முன்னால், இது எங்கே போகிறது, யார் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கிறேன். வந்தவர்கள் இதெல்லாம் உனக்கெதற்கு என்பது போலப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும். எனக்குப் பயமில்லாத வழியைச் சரியான வழி என்று சொல்லிக்கொண்டு நான் நிம்மதியாக இருந்த அந்தப் பதினைந்து நாளும், எங்கோ பனிக்குள் ஒருவர் விழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகு, கேட்காமல் சுவிட்சில் கை வைக்க என்னால் முடிவதில்லை.